சுண்ணாம்புப் பூச்சு என்று சொல்லி சிமென்ட் பூசிவிட்டுப் போனார்கள்

பழைய ஓட்டு வீட்டை இடிக்காமல் பாரம்பரிய முறையில் புதுப்பிக்கலாம் என்று ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், முடிகிற வரை பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீடு மன்னார்குடி பக்கம், தாத்தா கட்டியது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்னால் கொல்லை. செங்கல் சுவர், நடுவில் மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. 2018இல் கஜா புயல் பாதி ஓட்டை அள்ளிக்கொண்டு போனது. தகர ஷீட் போட்டு ஆறு வருடம் ஒப்பேற்றினோம். அப்பா போன பிறகு அம்மா, "நான் அங்கேயே போய் இருந்துக்குறேன்" என்று பிடிவாதமாக நின்றதால்தான் வேலையை எடுத்தோம்.

அந்த நிறுவனத்திலிருந்து நேரில் வந்தவர் கதர் சட்டை போட்டிருந்தார், நிதானமாகப் பேசினார். சுவரை முழங்கையால் தட்டிப் பார்த்தார். பழைய சுவருக்கு சிமென்ட் ஏன் ஆகாது என்று எனக்கு அரை மணி நேரம் பாடமே எடுத்தார். டெல்டா மண்ணில் தண்ணீர் எப்போதும் மேலாகத்தான் இருக்கும், அஸ்திவாரம் வழியாக ஈரத்தைச் செங்கல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கூடவே வருகிற உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, பூச்சையே தள்ளிவிடும். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

சுவர் 2,400 சதுர அடி, அடிக்கு 165 ரூபாய். பூச்சுக்கு மட்டும் 3,96,000. உள்ளூர் கொத்தனார் சிமென்ட் பூச்சுக்குக் கேட்டது இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கூரை, தரை எல்லாம் சேர்த்து 8 லட்சத்து 60 ஆயிரம். சுண்ணாம்பு என்றால் ஆள் அதிகம், நாள் அதிகம், விலையும் அதிகமாகத்தான் இருக்கும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வைகாசியில் வேலை ஆரம்பித்தது. நான் சென்னையில் வேலைக்குப் போகிறவள், மாதம் ஒருமுறை போனாலே பெரிய விஷயம். வாட்ஸ்அப்பில் படம் வரும். கொல்லையில் குழி வெட்டி, சுண்ணாம்பு நீற்றிப் போட்டிருக்கிற படம். பக்கத்தில் ஒரு மண்பானையில் சாந்தில் கலக்கக் கடுக்காய்த் தண்ணீர், அதன் மேல் கருப்பட்டி நுரை. நானும் அதை ஸ்டேட்டஸில் வைத்து நாற்பது பேரிடம் பாராட்டு வாங்கினேன். இப்போது அந்த நாலு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் குழியில் சுண்ணாம்பு அதே மட்டத்தில் இருக்கிறது. பானையின் விளிம்பு உடைந்த பக்கம்கூடத் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர், அந்தக் காலத்தில் கொத்து வேலை செய்தவர். ஆவணியில் நான் போயிருந்தபோது வேலி ஓரமாக வந்து, "ஏம்மா, சுண்ணாம்பு ஒரே ராத்திரியில கல்லாயிடுமா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே உட்கார்ந்து கேட்டிருக்கலாம். சுண்ணாம்புச் சாந்து காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்ல மெல்ல இறுகும். பூசி நாலைந்து நாள் ஆனாலும் நகம் வைத்தால் தடம் விழும். முழுசாகக் கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். எங்கள் வீட்டில் சாயங்காலம் பூசியது மறுநாள் காலையில் கணீரென்று இருந்திருக்கிறது. அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

புரட்டாசிக் கடைசியில் வேலை முடிந்தது. வெள்ளை வெளேரென்று வீடு பளிச்சென்று இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவர்களே கேமராவோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

குட்டு உடைந்தது ஒரு காலண்டரால். கூடத்தில் முருகன் காலண்டர் மாட்ட அம்மா ஆணி அடித்திருக்கிறார். பழைய சுவரில் ஆணி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். இதில் ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது ஆணிக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. மேலே வெள்ளை ஒரு முடி கனம், அதற்குள்ளே சாம்பல் நிறம். உள்ளே சாதா சிமென்ட், மேலே வெள்ளை சிமென்ட் பட்டி. அம்மா அந்தச் சில்லைக் காகிதத்தில் மடித்து சாமி அலமாரியில் வைத்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

ஐப்பசி, கார்த்திகை மழை மீதியைக் காட்டிவிட்டது. முன்பெல்லாம் கணுக்கால் உயரத்துக்கு ஈரம் தெரியும், தை மாசம் தானாகக் காய்ந்துவிடும். இந்தத் தடவை இடுப்பு உயரத்துக்கு ஏறி, அப்பளம் மாதிரி பொரிந்து, விரல் பட்டால் உப்பு மாவாகக் கொட்டியது.

தரைக் கதையும் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் தாத்தா காலத்துச் சிவப்புக் காவித் தரை இருந்தது, குனிந்தால் முகம் தெரியும். ஓரத்தில் இரண்டு விரிசல், அவ்வளவுதான். அதைக் கொத்திப்போட்டுவிட்டு ஆத்தங்குடிக் கல் போடலாம் என்றார்கள். சரி என்று சொன்னது நான், அந்தப் பழி என் மேல்தான். காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமென்ட்டைக் கையால் ஊற்றி, பின்னால் மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வார்கள். சூளையில் சுடுவதே கிடையாது. ஒரு கல் மாதிரி இன்னொன்று இருக்காது. எங்களுக்கு வந்ததில் அத்தனை பூவும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி. மீந்த கல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வரிவரியாக மேடு, நடுவில் கம்பெனி முத்திரை. கடையில் விற்கிற செராமிக் டைல்தான்.

போன் செய்து கத்தினேன். மறுபக்கம் குரல் உயரவே இல்லை. "மேடம், கொட்டேஷனை ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றார். எடுத்துப் படித்தேன். "லைம் பேஸ்டு பிளாஸ்டர்" என்று இருக்கிறது, அதாவது சுண்ணாம்பை அடிப்படையாகக் கொண்ட பூச்சு. "ஆத்தங்குடி டைப் டைல்ஸ்" என்று இருக்கிறது. சிமென்ட்டில் ஒரு கை சுண்ணாம்பு போட்டாலும் அது லைம் பேஸ்டுதானாம். நான் படித்தபோது இந்த பேஸ்டும் டைப்பும் கண்ணிலேயே படவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டைப், பேஸ்டு, ஸ்டைல், ஃபினிஷ் என்று எங்கே வந்தாலும் அடித்துவிட்டு, என்ன பொருள், எந்த அளவில் கலப்பது, சிமென்ட் உண்டா இல்லையா என்று தமிழிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்த ஆள் வேண்டாம்.

சாந்து கலக்கிற நாளில் வீட்டு ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். குழியில் மட்டம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும், படத்தில் அல்ல, நேரில். எங்கள் வீட்டில் காலி சிமென்ட் மூட்டைகளைப் பக்கத்து மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். மாட்டுக்காரர் அதைத் தைத்துப் படுதாவாகக் கட்டியிருக்கிறார், ஊருக்கே தெரியும்.

இன்னொன்று, கழிக்கிற பொருளைக் கணக்கில் எழுதுங்கள். நாட்டு ஓடு, ரேழிக் கதவு எல்லாம் "குப்பை அள்ளுற செலவு எங்களுது" என்ற ஒரு வார்த்தையில் வண்டி ஏறிப் போய்விட்டது. அது தேக்குக் கதவு.

ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, எங்களுக்கு 200 ரூபாய்தான் ஆனது. வழி தெரியாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து கேளுங்கள். பூச்சுச் சில்லு, பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது பூச்சைக் கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறோம். சிமென்ட் சும்மா வருவதில்லை, செங்கலின் தோலையும் உரித்துக்கொண்டு வருகிறது. வெயில் முழுக்கச் சுவர் அம்மணமாக நின்று காய வேண்டும், அப்புறம்தான் மறுபூச்சு என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா. அம்மா ஒரே ஒரு அறையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு சமைக்கிறார்.

அந்த நிறுவனத்தின் பக்கத்தில் எங்கள் வீட்டுப் படம் இன்னும் இருக்கிறது. வெள்ளைச் சுவர், இரண்டு மரத் தூண், திண்ணை ஓரத்தில் ஒரு பித்தளைக் குடம். குடம் அவர்கள் கொண்டுவந்தது, படம் எடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கேயாவது பார்த்தால், அது மழைக்கு முன்னால் எடுத்தது.