பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை: தம்புச்செட்டித் தெருவில் என் பதினோரு வருடம்

ஆபீஸ் பெயரை எழுதப் போவதில்லை. இன்னும் பன்னிரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள், என்னால் அவர்கள் பிழைப்பு கெடக் கூடாது. ஆனால் பாரிமுனையைச் சுற்றி, வியாபாரிகளின் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ்களில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்ததும், இன்று ராத்திரியே உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நான் டாக்குமென்டேஷனில் இருந்தேன். கஸ்டம்ஸுக்கான இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரி போடுவது, சரக்கை விடச் சொல்லும் டெலிவரி ஆர்டரை ஷிப்பிங் லைனில் வாங்க அலைவது, பார்ட்டிகளுக்கு, அதாவது வாடிக்கையாளர்களுக்கு, பதில் சொல்வது என்று நாள் போகும். திருவொற்றியூரிலிருந்து ரயிலில் பீச் ஸ்டேஷன் போய்க்கொண்டிருந்தேன். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு காலடிப்பேட்டையில் ஏறி மண்ணடியில் இறங்குவேன். முதல் சில வருடங்களில் குறை சொல்ல எதுவுமில்லை. இரண்டு பெரிய பார்ட்டிகள் கைவிட்டுப் போன பிறகுதான் முதலாளி ஆளே மாறிப்போனார்.

தினமும் ஒன்பதரை மணிக்கு எல்லாரையும் நிற்க வைத்துப் பேச ஆரம்பித்தார். நஷ்டத்துக்கு நாங்கள்தான் காரணமாம். ஒருநாள் மணலியில், துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களை வைக்கும் கிடங்கான சி.எஃப்.எஸ்.ஸில் ஒரு கன்டெய்னர் மாட்டிக்கொண்டு வாடகை ஏறியது. ஃபீல்டு வேலைக்கு வந்த காசிமேட்டுப் பையன், இருபத்திரண்டு வயது, அவன் முகத்துக்கு நேரே ஃபைலை வீசினார். பேப்பர் எல்லாம் தரையில் பறந்தது. அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கி, மறுபடி அவர் மேஜையில் வைத்தான். அந்த மாதம் அவன் சம்பளத்தில் நாலாயிரம் பிடித்தார்கள்.

அந்த கன்டெய்னர் ஏன் மாட்டியது என்று எனக்குத் தெரியும். சௌகார்பேட்டையில் சின்னதாக வியாபாரம் செய்யும் ஒருவருடைய சரக்கு அது. கஸ்டம்ஸ் டூட்டிக்கு என்று அவர் எங்கள் கணக்கில் பணம் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது. முதலாளி அதை எடுத்து வேறொரு பழைய பாக்கியை அடைத்துவிட்டார். டூட்டி கட்டத் தாமதமானால் வருடத்துக்கு 15 சதவீத வட்டி. அதற்கு மேல் சி.எஃப்.எஸ். வாடகை, கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் ஷிப்பிங் லைன் போடும் டிடென்ஷன் கட்டணம். எல்லாம் அந்த மனிதர் தலையில்.

"காசு போட்டு நாலு நாளாச்சேம்மா, இன்னும் கட்டலியா?" என்று அவர் எனக்குத்தான் போன் செய்தார். பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். "ஐஸ்கேட் சர்வர் டவுன் சார், இன்னிக்கு ஆயிடும்" என்று கஸ்டம்ஸின் இணையதளத்தின் மேல் பழி போட்டேன். "சரிம்மா, நீ சொன்னா சரியா இருக்கும்" என்று வைத்துவிட்டார். அந்த வார்த்தை இன்னும் என்னை அறுக்கிறது. சம்பளம் தள்ளிப்போனதைக்கூட மன்னித்துவிடுவேன், என் வாயாலேயே ஒருவரை ஏமாற்ற வைத்ததை மன்னிக்க முடியவில்லை. சரக்கு இறக்குமதி செய்யும் சின்ன வியாபாரிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: டூட்டியை ஐஸ்கேட்டில் நீங்களே நேரடியாகக் கட்டலாம். ஏஜென்ட் கையில் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பி.எஃப். விஷயம் தற்செயலாகத்தான் தெரிந்தது. கஸ்டம்ஸில் வேலை பார்க்க அனுமதிக்கும் ஜி கார்டு வைத்திருக்கும், ஆபீஸில் மூத்த அண்ணன் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு பி.எஃப்.பில் முன்பணம் எடுக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல் என்று போனை நீட்டினார். மாடிப்படியில் உட்கார்ந்து உமங் ஆப்பில் திறந்தேன். கடைசி வரவு பதினாலு மாதத்துக்கு முந்தையது. ஏதோ தப்பாக இருக்கும் என்று என்னுடையதையும் திறந்தேன். அதே மாதத்தோடு நின்றிருந்தது. சம்பளத்தில் மட்டும் மாதாமாதம் 1,800 ரூபாய் பிடித்தம். கம்பெனி பங்கும் சேர்த்தால் மாதம் 3,600, பதினாலு மாதத்துக்கு 50,400. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதலாளியிடம் கேட்டோம். "கம்பெனியே மூச்சுத் திணறுது, உங்களுக்கு பி.எஃப். கேக்குதா? உப்பு போட்டுத்தானே சோறு துன்றீங்க?" என்றார். அன்று மாலையே ராஜினாமாவை மெயிலில் அனுப்பினேன். இரண்டு மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் இன்றுவரை வரவில்லை.

ஒரு மாதப் பிடித்தத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும். நம் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது வெறும் தாமதம் இல்லை, நம்பிக்கை மோசடிக் குற்றம். பி.எஃப். புகார் தளத்தில் பதிவு செய்துவிட்டு ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்துக்கு நேரிலும் போனேன். அங்கே முதலில் கேட்டது சம்பள ஸ்லிப். கடைசி ஆறு மாதம் ஆபீஸில் ஸ்லிப் கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். பழையதை எல்லாம் என் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்திருந்ததால் தப்பித்தேன், மீதிக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுத்தேன். அண்ணனிடம் ஒரு ஸ்லிப்கூட இல்லை. தயவுசெய்து மாதாமாதம் ஸ்லிப்பை வாங்கி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வெளியே எங்கேயாவது வையுங்கள். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி போடாவிட்டால், இரண்டு மாதம் கழித்து பி.எஃப். தளத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம். அதற்காக யார் காலிலும் விழ வேண்டாம்.

ஐந்து வருடம் முடித்தவர்கள், வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, விட்டுவிடாதீர்கள். கடைசி பேசிக்கை, டி.ஏ. (பஞ்சப்படி) இருந்தால் அதையும் சேர்த்து, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். என் பேசிக் 18,000. பதினோரு வருடத்துக்கு 1,14,230 ரூபாய். எழுத்தில் கேட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டது, பதில் இல்லை.

புகாருக்குப் பிறகு என் கணக்கில் ஏழு மாதத் தொகை ஏறியது. சௌகார்பேட்டைக்காரரைப் போய்ப் பார்த்து உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு டீ வரவழைத்தார். அண்ணன் இன்னும் அந்த ஆபீஸில்தான் இருக்கிறார், கல்யாணம் தையில். வரும் வியாழக்கிழமை அவர் அரைநாள் லீவு போடுகிறார், பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு இரண்டு பேருமாக ராயப்பேட்டைக்குப் போகிறோம்.