மலேரியா போய்விட்டதா என்று பார்க்க: கார்டா, சிலைடா, சிபிசியா?

தாராவியிலிருந்து ஊருக்கு வந்த என் சித்தப்பா மகனுக்கு ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியா. மூன்று நாள் மாத்திரை முழுசாகப் போட்டு, காய்ச்சல் விட்டு, சோறும் செல்ல ஆரம்பித்துவிட்டது. எதற்கும் பார்த்துவிடலாமே என்று பன்னிரண்டாம் நாள் பாளையங்கோட்டையில் ஒரு லேப்பில் மறுபடி கார்டு டெஸ்ட் (சின்ன அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்ப்பது) எடுத்தால், பாசிட்டிவ். சித்தி அழுத அழுகை இருக்கிறதே!

கார்டு தேடுவது கிருமி கக்கிவிட்டுப்போகிற எச்ஆர்பி-2 என்ற புரதத்தை. கிருமி செத்த பிறகும் அது ரத்தத்தில் இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் கிடக்கும். காய்ச்சலோடு முதல்முறை போகிறவருக்கு அரை மணி நேரத்துக்குள் பதில் சொல்வதில் கார்டை அடித்துக்கொள்ள ஆளில்லைதான். குணமானதைப் பார்க்க அதை எடுத்தால் காசும் போகும், தூக்கமும் போகும்.

என் ஓட்டு சிலைடுக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் குத்தி எடுப்பார்களே, அந்த ரத்தத் தடவல், காசு கிடையாது. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதால் முதல் நாள் எவ்வளவு இருந்தது, மூன்றாம் நாள் எவ்வளவு குறைந்தது என்று தெரியும், அப்போதும் குறையாமல் நின்றால் டாக்டர் உஷாராகிவிடலாம். பழகிய கண் பார்க்க வேண்டும், அது ஒரு குறை. அப்புறம், ஃபால்சிபாரத்தில் கேமிட்டோசைட் என்ற, கொசுவுக்குள் போகக் காத்திருக்கும் பிறை வடிவக் கிருமி மட்டும் சில வாரம் தெரியலாம், அதை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. தம்பிக்கு மறுநாளே சிலைடு எடுத்தோம், கிருமி இல்லை.

சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட், கிருமியைக் காட்டாது, கிருமி உடம்பில் செய்துவிட்டுப்போன சேதத்தைக் காட்டும். இறங்கின பிளேட்லெட் பெரும்பாலும் தானாக ஏறிவிடும், ஹீமோகுளோபினைத்தான் கவனிக்கணும். முக்கியமாக, மலேரியா முற்றிப்போய் ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்துக்கூட ரத்த அணுக்கள் உடையலாம் என்பதால் நான்கு வாரம்வரை அவ்வப்போது பார்க்கச் சொல்வார்கள். கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர்? அது ஆராய்ச்சிக்காரர்களுக்கு. செத்த கிருமியின் டிஎன்ஏவைக்கூடப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்.

வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா வந்தவர்கள் மட்டும் இந்த எதையும் ரொம்ப நம்ப வேண்டாம். அந்தக் கிருமி ஈரலில் தூங்கிக் கிடக்கும், சிலைடு சுத்தமாக இருந்தாலும் மாசக்கணக்கில் கழித்து எழுந்து வரும். அதற்கு ஜி6பிடி என்ற என்சைம் அளவைப் பார்த்துவிட்டு (அது குறைவாக இருந்தால் மருந்தே ரத்த அணுக்களை உடைக்கும்) கொடுக்கிற பதினான்கு நாள் பிரைமாகுயின் மாத்திரைதான் வழி, ஆனால் நம் ஆட்கள் காய்ச்சல் விட்ட நாலாம் நாளே அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள்.