சிலிண்டரா, மெஷினா? கடலூர் வீட்டில் ஆக்ஸிஜன் வைப்பதற்கு முன்

"சிஸ்டர், சிலிண்டர் எடுக்கட்டுமா, மெஷின் வாங்கட்டுமா?"

நுரையீரல் வார்டிலிருந்து அப்பாவையோ பாட்டியையோ வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளில் எல்லாரும் கேட்பது இதுதான். மெஷின் என்று அவர்கள் சொல்வது, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரை. வார்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கடலூரில் மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் வீடு வீடாகப் போய் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. வீடு மாடியிலா கீழேயா, கரண்ட் எப்படி வருகிறது, ராத்திரி அவர் பக்கத்தில் யார் படுக்கிறார்கள், இதெல்லாம் தெரிய வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் வீட்டில் ஆக்ஸிஜன் தேவைப்படாது. நோய் அடங்கி, மருந்துகள் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதும், சும்மா உட்கார்ந்திருக்கையில் விரல் மெஷினில் (ஆக்ஸிமீட்டரில்) 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே காட்டினால், அல்லது ரத்தக்குழாயில் எடுத்த பரிசோதனையில் ஆக்ஸிஜன் அழுத்தம் 55க்கு மேல் ஏறாவிட்டால், டாக்டர் நீண்டகால ஆக்ஸிஜன் எழுதுவார். வலது பக்க இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் 59 வரைகூட எழுதுவார்கள். எழுதினால் ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் போட வேண்டும். அப்படிப் போட்ட சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பதை 1980லும் 1981லும் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. அளவு ஓரளவு மட்டும் குறைந்தவர்களுக்கு அப்படிப் பெரிய பலன் தெரியவில்லை என்று 2016இல் வந்த ஆய்வு சொன்னது. "சாயங்காலம் மூச்சு வாங்குச்சு, அரை மணி நேரம் வெச்சோம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சங்கடமாக இருக்கும். தேவைப்படாதவருக்கு அது வீண். தேவைப்படுகிறவருக்கோ அரை மணி நேரம் எந்த மூலைக்கும் காணாது.

சரி, தேவை என்று முடிவாகிவிட்டது. இப்போது கணக்குப் போடுவோம்.

கணக்கில் மெஷின்

நம் ஊரில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு அளவு சிலிண்டர். சின்னது பி டைப், ஏறக்குறைய 1500 லிட்டர் கொள்ளும். பெரியது டி டைப், அதாவது ஜம்போ, 7000 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் 15 மணி நேரம் போட்டால் ஒரு நாளைக்கு 1800 லிட்டர் செலவாகும். அப்படியென்றால் பி டைப் முழுசாக ஒரு நாளுக்குக்கூட வராது. ஜம்போ நான்காவது நாள் முடிவதற்குள் தீர்ந்துவிடும். மாதத்துக்கு எட்டுத் தடவையாவது ஜம்போவை இறக்கி ஏற்ற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்துதான் உருட்ட முடியும். மாடி வீடு என்றால் யோசித்துப் பாருங்கள்.

மெஷின், அதாவது கான்சன்ட்ரேட்டர், வேறு வகை. அதற்குள் வாயு எதுவும் அடைத்து வைக்கப்படவில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம்தான் ஆக்ஸிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். மெஷினுக்குள் இருக்கும் ஜியோலைட் என்ற மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் உள்ள காற்று வெளியே வருகிறது. கரண்ட் இருக்கும்வரை தீராது, யாரையும் கூப்பிட்டு நிரப்ப வேண்டியதில்லை. நிமிஷத்துக்கு 5 லிட்டர் வரை தரும் மெஷின் 300 முதல் 350 வாட் இழுக்கும். 15 மணி நேரத்துக்கு ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத பில்லில் 300 யூனிட்டுக்கு மேல் ஏறும். இலவச யூனிட் அதில் எங்கே போனதென்றே தெரியாது. ஆனாலும் மாதம் எட்டு ஜம்போவுக்கான பணம், வண்டி வாடகை, ஆள் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தினசரி உபயோகத்துக்கு மெஷின்தான் கட்டுப்படியாகும். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

மெஷினுக்கும் கவனிப்பு வேண்டும். சுவரை ஒட்டியோ திரைச்சீலைக்குப் பின்னாலோ வைக்கக் கூடாது, ஒரு அடி தள்ளி நிற்கட்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் தூசியும் ஈரக்காற்றும் அதிகம். வெளிப்பக்க பில்டரை வாரம் ஒரு முறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் போட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் ஜியோலைட் கெடும். மெஷின் சூடான காற்றை வெளியே விடும், அதனால் அக்னி நட்சத்திர நாட்களில் சின்ன அறை வெந்துவிடும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், நோயாளி குளிக்க, துடைத்துவிட ஒரு ஏற்பாடு வேண்டும். சத்தமும் உண்டு. புழங்காதவர்களுக்கு முதல் இரண்டு ராத்திரி தூக்கம் வராது. நீளமான குழாய் வாங்கி மெஷினைப் பக்கத்து அறையில் வைத்துவிடலாம், 15 மீட்டர் வரை தாங்கும். ஆனால் அந்தக் குழாய் கழிப்பறைக்குப் போகிற வழியில் குறுக்கே கிடக்கக் கூடாது. தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். மூச்சைவிட அந்த எலும்புதான் அவரைப் படுக்கையில் தள்ளியது.

இன்னொரு எச்சரிக்கை. 2021 கொரோனா இரண்டாம் அலையில் பல வீடுகளில் அவசரமாக மெஷின் வாங்கினார்கள். இன்று அவை பரணில் கிடக்கின்றன. சொந்தக்காரர் ஒருவர் அன்போடு கொடுத்தார் என்று அப்படியே மாட்டிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் ஓடாமல் ஈரத்தில் கிடந்த மெஷின் காற்றை மட்டும் ஊதலாம். லிட்டர் காட்டும் பந்து மேலே நிற்கும், சத்தம் வரும், காற்றை ஈரமாக்கும் தண்ணீர் பாட்டிலில் குமிழி வரும், ஆக்ஸிஜன் மட்டும் இருக்காது. அனலைசர் வைத்து எத்தனை சதவீதம் வருகிறது என்று ஆள் வைத்துப் பார்த்த பிறகே உபயோகியுங்கள்.

புயலில் சிலிண்டர்

கணக்கு இத்தனை தெளிவாக இருந்தும், மெஷின் மட்டும் வாங்குங்கள் என்று இந்தக் கரையில் நான் ஒருவரிடமும் சொல்வதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்து, எத்தனையோ ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லை. அப்படி ஒரு வீட்டில் மெஷின் மூலையில் பெட்டியாக நின்றது. மகன் பைக்கில் சிலிண்டர் தேடிப் போனான். மரம் விழுந்த ரோட்டில் வண்டியைத் தூக்கித் தூக்கி வைத்து, திரும்பி வர சாயங்காலம் ஆகிவிட்டது. அவன் அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தப் பகல் முழுக்க அவர் மூச்சுக்குத் தவித்ததை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. பிறகு 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் நிற்கும் வீட்டில் பாதுகாப்புக்காக மின்வாரியத்தினரே கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று, புதிதாக இருந்தால், 5 லிட்டர் மெஷினைச் சுமார் மூன்று மணி நேரம் ஓட்டும். பழைய பேட்டரி அதையும் தராது. மின்தடைக்கு அது போதும், புயலுக்குப் போதாது.

ஆகவே என் பதில்: தினமும் ஓட மெஷின், பக்கத்தில் நிறைந்த பி டைப் சிலிண்டர் ஒன்று. 2 லிட்டரில் 12 மணி நேரம் தாங்கும். ஐப்பசி பிறந்ததும் அதை ஜம்போவாக மாற்றிக்கொள்ளுங்கள், தை வரை இருக்கட்டும். இரண்டும் கட்டுப்படியாகாத குடும்பங்கள் உண்டு, எனக்குத் தெரியும். அவர்கள் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சிலிண்டருக்குப் பணத்தை ஒதுக்குவது நல்லது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே நோயாளியை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுவதும் ஒரு வழிதான்.

சிலிண்டர் வாங்கும்போது கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் இருக்கிறதா பாருங்கள், அதுதான் ஆக்ஸிஜன். நேராக நிறுத்திச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். திறக்கும் சாவியை நூல் கட்டிச் சிலிண்டர் கழுத்திலேயே தொங்கவிடுங்கள். ராத்திரி இருட்டில் சாவியைத் தேடி அலைந்த வீடுகள் அதிகம்.

நெருப்பு விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆக்ஸிஜன் தானாக எரியாது, எரிவதைக் கொழுந்துவிட வைக்கும். பீடி, சாமி விளக்கு, கற்பூரம், கொசுவர்த்திச் சுருள் எதுவும் அந்த அறையில் வேண்டாம். மூக்கு காய்கிறது என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது நம் வீடுகளில் சகஜம். அதை நிறுத்துங்கள், தண்ணீரில் கரையும் ஜெல்லி மருந்துக்கடையில் கிடைக்கும். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடக் கூடாது.

மூக்குக் குழாயா, மாஸ்க்கா?

"மாஸ்க் போட்டா நல்லா ஏறும்ல சிஸ்டர்?" என்பது அடுத்த கேள்வி. பார்க்கப் பெரிதாக இருப்பதால் மாஸ்க் மேல் மக்களுக்கு நம்பிக்கை. வீட்டில் நான் பெரும்பாலும் மூக்குக் குழாயைத்தான் போடுகிறேன். 1 முதல் 6 லிட்டர் வரை ஓடும், ஏறக்குறைய 24 முதல் 44 சதவீதம் வரை ஆக்ஸிஜன் தரும். போட்டுக்கொண்டே கஞ்சி குடிக்கலாம், பேரப்பிள்ளையோடு பேசலாம். நாளைக்கு 15 மணி நேரம் போட வேண்டிய ஒரு பொருளில் இதைவிடப் பெரிய வசதி இல்லை. குறை என்றால் மூக்கு உலரும், காதுக்குப் பின்னால் குழாய் அழுத்திப் புண்ணாகும். தினமும் காதை மடக்கிப் பாருங்கள், சிவந்திருந்தால் பஞ்சு சுற்றிவிடுங்கள்.

சாதா மாஸ்க்கை 5 லிட்டருக்குக் கீழே வைக்கவே கூடாது. வெளியே விட்ட கரியமில வாயு மாஸ்க்குக்குள்ளேயே தங்கி, அதையே திரும்பச் சுவாசிப்பார். "2 லிட்டர்தான் எழுதியிருக்கு, மாஸ்க்ல வெச்சோம்" என்று சொன்ன வீட்டில் அந்தப் பெரியவர் மயக்கத்திலேயே இருந்தார். பை தொங்கும் மாஸ்க் 10 முதல் 15 லிட்டர் கேட்கும், பை எப்போதும் உப்பியிருக்க வேண்டும். அதை 5 லிட்டர் மெஷினில் மாட்டிக்கொடுத்த ஒரு கடைக்காரரைப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் பை சப்பையாக ஒட்டிக்கொண்டது. அது ஆஸ்பத்திரிச் சாமான், வீட்டுக்கு வேண்டாம்.

வென்சுரி மாஸ்க் மட்டும் தனி. சிஓபிடி நோயாளிக்குத் துல்லியமாக 24 அல்லது 28 சதவீதம் கொடுக்க அதற்கு ஈடு இல்லை. வால்வின் மேலேயே எத்தனை லிட்டருக்கு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். நிறத்தை நம்பாமல் அதைப் படியுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறலாம்.

கூட்டவா, குறைக்கவா?

இந்த ஒன்றில்தான் பாசம் ஆபத்தாகிவிடுகிறது. மகள் விரல் மெஷினைப் பார்க்கிறாள், 90 காட்டுகிறது. பயந்து 2 லிட்டரை 4 ஆக்குகிறாள். 98 வருகிறது, நிம்மதியாகத் தூங்கப் போகிறாள். அவள் அப்பாவுக்கு வெகுநாளைய சிஓபிடி. அவருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. அதற்கு மேல் போனால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிடும். காலையில் தலைவலி, குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், கை நீட்டினால் நடுக்கம் என்று அது வெளிப்படும். "நல்லா தூங்குறாரு" என்று விட்டுவிடுகிறார்கள். நிமோனியா போன்ற மற்ற நோயாளிகளுக்கு 94 முதல் 98 வரை இலக்கு. ஆக்ஸிஜன் மருந்து, லிட்டர்தான் டோஸ். சுகர் மாத்திரையை நாமாக இரட்டிப்பாக்குவோமா? உங்கள் வீட்டு நோயாளியின் இலக்கு எது என்று டாக்டரிடம் கேட்டு, தாளில் எழுதி மெஷின் மேல் ஒட்டுங்கள். விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், கை ஆடினாலும் எண் தப்பாகக் காட்டும் என்பதையும் அதில் எழுதிவையுங்கள்.

மூச்சு திணறும்போது முதலில் லிட்டரில் கை வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். முன்னால் ஸ்டூல் போட்டு, அதன் மேல் தலையணை வைத்து, இரண்டு கையையும் ஊன்றிச் சாயச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, தண்ணீர் பாட்டில் மூடி இறுகியிருக்கிறதா, குமிழி வருகிறதா என்று பாருங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். அப்படியும் இலக்குக்குக் கீழேயே நின்றாலோ, உதடு நீலமானாலோ, பேச்சு குழறினாலோ 108க்குக் கூப்பிடுங்கள்.

மெஷினும் சிலிண்டரும் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெளிச்சத்தில், நான் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்வேன். அலாரம் அடிக்கும். அந்த வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை உட்பட, குழாயை மெஷினிலிருந்து கழற்றிச் சிலிண்டரில் மாட்டி, சாவி திருப்பி, மிதக்கும் பந்தின் நடுப்பகுதி டாக்டர் எழுதிய லிட்டருக்கான கோட்டில் நிற்க வைத்துக் காட்ட வேண்டும். முதல் தடவை நான்கைந்து நிமிஷம் ஆகும். மூன்றாவது தடவை ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிடுவார்கள். வரும்வரை நான் கிளம்புவதில்லை.