தானியங்கி இன்சுலின் பம்ப்: குடும்ப மருத்துவரும் காணொளி ஆலோசனையும் போதுமா?

டைப் 1 சர்க்கரை நோய்க்காகச் சில ஆண்டுகளாக நான் அணிந்துவரும் தானியங்கி இன்சுலின் பம்பைக் கவனித்துவருபவர் எங்கள் ஊர்க் குடும்ப மருத்துவர்தான். நான் வசிப்பது அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில். சர்க்கரை நோயைக் கவனிக்கும் ஹார்மோன் நிபுணரைப் பார்க்கக் கொலம்பஸ் வரை போக வேண்டும், அதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே குடும்ப மருத்துவரையே நம்பியிருக்கிறேன்; அவருடனான ஆலோசனைகளில் பெரும்பாலானவை காணொளியிலேயே நடக்கின்றன.

உடலில் ஒட்டியிருக்கும் சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் சர்க்கரை அளவைப் பார்த்து, பம்ப் தானாகவே இன்சுலினைக் கூட்டுகிறது, குறைக்கிறது, தேவைப்பட்டால் நிறுத்திவிடுகிறது. இவ்வகைக் கருவிக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது 2016 செப்டம்பரில். இரவுத் தூக்கத்தைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. சாப்பாட்டு விஷயம் அப்படியல்ல: எத்தனை கிராம் மாவுச்சத்து என்பதை நாமே பதிய வேண்டும், அதையும் சாப்பிடுவதற்குச் சுமார் 15 நிமிடம் முன்பே செய்தால்தான் பலன் தெரியும். இட்லியில் எவ்வளவு மாவுச்சத்து என்பதைப் பம்ப் தானாக அறியாது என்பதால், மாவை ஊற்றுவதற்கு முன் எடை போடும் பழக்கம் எங்கள் வீட்டில் வந்துவிட்டது.

ஆலோசனைக்கு முன் 14 நாள் அறிக்கையைக் கைப்பேசிச் செயலியிலிருந்து அனுப்பிவிடுவேன். சர்க்கரை 70 முதல் 180 வரையிலான அளவில் (மி.கி./டெ.லி.) 70 சதவீத நேரத்துக்கு மேல் இருக்க வேண்டும், 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இரண்டு எண்களில் பேச்சு தொடங்கும். மாற்றக்கூடிய அமைப்புகள் சர்க்கரையின் இலக்கு அளவு, மாவுச்சத்து விகிதம் (ஒரு யூனிட் இன்சுலின் எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு என்பது) போன்ற சிலவே என்பதால், பம்பில் தனிப் பயிற்சி இல்லாத மருத்துவராலும் இதைச் சமாளிக்க முடிகிறது. அவர் சொல்ல, நான் என் கையால் பம்பில் பதிவேன்; தொலைவிலிருந்து அவரால் மாற்ற இயலாது.

காணொளியின் குறை வேறோர் இடத்தில் வெளிப்பட்டது. ஒரு கட்டத்தில் என் தினசரி இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போனது. அறிக்கையை மட்டும் பார்த்தால், விகிதத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். நேரில் போனபோது மருத்துவர் வயிற்றை விரல்களால் அழுத்திப் பார்த்து, தொப்புளுக்கு இடப்புறம் தோலுக்கடியில் ரப்பர் போலத் தடித்திருந்த பகுதியைக் கண்டுபிடித்தார். மீண்டும் மீண்டும் அதே இடத்தில் கேனுலா (பம்பிலிருந்து தோலுக்கடியில் இன்சுலினைச் செலுத்தும் மெல்லிய குழாய்) குத்தியதால் கொழுப்பு தடித்து, இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாமல் போக, பம்போ அதை அறியாமல் மேலும் மேலும் செலுத்தியிருக்கிறது. இடத்தை மாற்றியபோது அதே அளவு இன்சுலின் சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடும் என்பதால், சில நாட்களுக்கு இலக்கை உயர்த்திவைக்கச் சொன்னார். அதன்பின், ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), இரத்த அழுத்தம், பாத உணர்வுப் பரிசோதனை ஆகியவற்றுக்காக நேரில் போகும் ஒவ்வொரு முறையும் குத்தும் இடங்களையும் தொட்டுப் பார்க்கச் செய்கிறேன்.

கேனுலா மடங்கினாலும் பம்பின் கணக்கில் இன்சுலின் போனதாகவே பதிவாகலாம். பம்பில் இருப்பது விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே என்பதால், அது நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும், மிகுந்தால் ஆபத்தான பொருள்) ஏறத் தொடங்கும். சர்க்கரை 250-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் கீட்டோன் பார்ப்பது, இன்சுலின் பேனாவால் ஊசி போட்டுக்கொள்வது, கேனுலாவும் குழாயும் அடங்கிய புதிய செட் மாட்டுவது என்ற வரிசையை மருத்துவர் முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் பம்பின் எல்லா அமைப்புகளையும் குறித்து வைத்திருக்கிறேன்; பம்ப் பழுதாகி மாற்றுக் கருவி வந்தால், அவற்றை நாம்தான் முதலிலிருந்து பதிய வேண்டியிருக்கும்.