ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இணையவழியில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் என்னை ஏமாற்றிவிட்டது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இதே முறையில் நடக்கும் வகுப்புகள் ஏராளம். ஒரு பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு மற்றவற்றில் மாட்டிக்கொள்வதில் பயனில்லை. முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் போனதில் வருத்தம் உண்டு. ஆனால் எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். அவர்கள் தவறான ஆங்கிலத்தை வாயில் பழக்கிவிட்டு அனுப்புகிறார்கள். அப்படிப் படிந்துவிட்ட தவறு பிறகு எளிதில் அகலாது என்பதை மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம்; நாக்கில் ஏறிய பழக்கத்தை இறக்குவதற்கு, புதிதாகக் கற்பதைவிட அதிக உழைப்பு வேண்டும்.

விற்பனை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பதே நாளில் சரளமாகப் பேசலாம் என்று விளம்பரம். பிறகு இலவச மாதிரி வகுப்பு. அதில் வந்த ஆசிரியை உண்மையிலேயே நன்றாகக் கற்பித்தார். அடுத்து ஒரு நிலையறியும் தேர்வு. எழுதிய எல்லோருக்கும் 'தொடக்க நிலை' என்றே முடிவு வந்ததைப் பின்னர் மற்ற மாணவர்களிடம் பேசியபோது அறிந்தேன். அன்று மாலையே 'ஆலோசகர்' என்று ஒருவர் அழைத்து, சலுகை நள்ளிரவோடு முடிகிறது என்றார். முழுத் தொகையையும் கட்ட வேண்டாம், தவணையில் கட்டலாம் என்றார். அந்தத் தவணை உண்மையில் வேறொரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுக்கப்படும் கடன் என்பதைத் தொலைபேசியில் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பணம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஆசிரியையை நாங்கள் பார்க்கவே இல்லை. பதிவு செய்யப்பட்ட காணொளிகளும், ஒரு வாட்ஸ்அப் குழுவும், பெரிய கையேடு ஒன்றும் வந்தன. நேரடிப் பேச்சுப் பயிற்சி என்ற பெயரில் ஒரு பெருங்கூட்டத்தை ஒரே அழைப்பில் சேர்த்தார்கள். ஆளுக்கு ஒருமுறை தன் பெயரைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

இனி அந்தக் கையேடு. அன்றாட வாக்கியங்கள், பக்கத்தில் தமிழ்ப் பொருள், அதற்கும் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. பார்ப்பதற்கு மிகவும் வசதியாக இருக்கும். கேடு முழுவதும் உச்சரிப்பு தரும் அந்த மூன்றாவது நெடுவரிசையில் இருக்கிறது.

தமிழ் எழுத்து தமிழ் ஒலிகளுக்காக அமைந்தது. 'க' என்ற ஒரே எழுத்தைச் சொல்லில் அது வரும் இடத்துக்கேற்ப நாம் வெவ்வேறு விதமாக ஒலிக்கிறோம். நமக்குக் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலத்திலோ அந்த ஒலி வேறுபாடே பொருளை மாற்றிவிடும். கையேட்டில் மேலங்கிக்கும் 'கோட்', வெள்ளாட்டுக்கும் 'கோட்'. மேற்குத் திசைக்கும் உள்சட்டைக்கும் 'வெஸ்ட்'. மேற்கைச் சொல்லும்போது உதடுகள் குவிய வேண்டும், மற்றதில் மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. இந்தப் பதிவிலும் நான் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். எந்தச் சொல் என்று அடையாளம் காட்டுவதற்குத்தான் அது. தயவுசெய்து இதைப் பார்த்து யாரும் உச்சரிக்கப் பழக வேண்டாம்.

எழுத்துக்கு எழுத்து ஒலிக்கச் சொன்னது அடுத்த கொடுமை. கடனுக்கு 'டெப்ட்', ரசீதுக்கு 'ரிசிப்ட்', புதன்கிழமைக்கு 'வெட்னஸ்டே'. டெட், ரிசீட், வென்ஸ்டே என்பவையே சரியான உச்சரிப்புக்கு அருகில் வருபவை. கடனைக் குறிக்கும் சொல்லில் நிற்கும் அந்த 'பி', பிரெஞ்சு வழியாக வந்த சொல்லின் லத்தீன் வேரைக் காட்டுவதற்காகப் பிற்கால அறிஞர்கள் செருகியது. அதை யாரும் ஒலிப்பதில்லை. இறந்தகால வினைகள் எல்லாவற்றுக்கும் 'எட்' சேர்த்து வாக்கெட், ஹெல்பெட், பிளேயெட் என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். வினைச்சொல் 'வான்ட்' என்பதன் இறுதியில் வரும் கடினமான 'ட்' ஒலியிலோ, 'நீட்' என்பதன் இறுதியில் வரும் மென்மையான 'ட்' ஒலியிலோ முடிந்தால் மட்டுமே அங்கே தனி அசை வரும்: வான்டிட், நீடிட். மற்ற இடங்களில் வாக்ட், ஹெல்ப்ட், பிளேட் என்று புதிய அசை சேராமல் முடிந்துவிடும். ஒரு பக்கத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விதி இது.

ஒரு சொல்லின் எந்த அசையைக் கூடுதல் கனத்தோடு ஒலிப்பது என்ற அழுத்தத்தைப் பற்றிக் கையேடு முழுவதும் ஒரு சொல் இல்லை. ஆங்கிலப் பேச்சின் உயிரே அதுதான். ஃபோட்டோகிராஃப் என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. ஃபோட்டோகிராஃபரில் இரண்டாவது அசைக்கு நகர்கிறது. ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவதுக்குப் போய்விடுகிறது. அழுத்தம் விழாத அசைகளில் உயிரொலி மங்கி, வாய் தளர்ந்த நிலையில் பிறக்கும் ஒரு சிற்றொலியாகிவிடும். 'ஷ்வா' என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர் இதுதான். பனானா என்ற சொல்லின் முதல் அசையிலும் கடைசி அசையிலும் இருப்பது அது. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. ஆகவே கையேட்டிலும் அது கிடையாது.

இதனால் என்ன நேரும் என்பதற்கு என் அனுபவமே சாட்சி. வேலை தொடர்பான ஒரு தொலைபேசி அழைப்பில், என்னால் வர முடியும் என்பதற்கு 'ஐ கேன் கம்' என்றேன், கையேடு சொன்னபடி எல்லாச் சொல்லையும் ஒரே கனத்தில். இயல்பான பேச்சில் அந்தக் 'கேன்' சுருங்கி 'கன்' ஆகி, அழுத்தம் 'கம்' மீது விழும். நடுச்சொல்லில் கனம் விழுந்தால் மறுப்பாகக் கேட்கும். எதிர்முனையில் இருந்தவர் நான் வர முடியாது என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு, வேறொருவருக்கு அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டார்.

வாக்கியங்களின் தேர்வும் மோசம். தன்னை அறிமுகப்படுத்த 'மைசெல்ஃப்' என்று தொடங்கி, பின்னால் பெயர் சேர்க்க வேண்டுமாம். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'டிஸ்கஸ் அபவுட்' போன்றவை சரியான வடிவங்களாகவே அச்சிடப்பட்டிருந்தன. மரியாதையை நாம் வினைமுற்றிலேயே வைத்துவிடுகிறோம். 'வாருங்கள்' என்றாலே போதும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்ய 'குட் யூ' ('கேன் யூ' என்பதன் பணிவான வடிவம்), 'உட் யூ மைண்ட்' போன்ற தொடக்கங்கள் வேண்டும். கையேட்டில் 'கிவ் மீ வாட்டர்' இருந்தது, 'குட் ஐ ஹேவ்' இல்லை. 'உட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ' என்பதற்கு, திறக்கச் சம்மதம் என்ற பொருளில் 'யெஸ்' என்று பதில் போட்டிருந்தார்கள். கேட்கப்படுவது உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பது. சம்மதிப்பவர் 'நோ, நாட் அட் ஆல்' என்றுதான் சொல்வார். இதைக்கூடச் சரிபார்க்காதவர்கள் பாடம் எழுதிப் பணம் வாங்குகிறார்கள்.

எதிரில் இருப்பவர் சொன்னது புரியாதபோது என்ன சொல்வது என்ற பாடமே இல்லை. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பது, 'டூ யூ மீன்' என்று தொடங்கிச் சரிபார்ப்பது, யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வது ஆகியவை இல்லாமல் எந்த உரையாடலும் நகராது. அதற்குப் பதிலாக ஐயாயிரம் சொற்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தார்கள். ஆங்கிலம் கற்பிப்பதை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலம் கற்போருக்கு மிகவும் பயன்படும் சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்ட பட்டியலே சுமார் 2,000 சொற்குடும்பங்களுக்குள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அடங்கியது. கெட், டேக், புட் போன்ற சிறு வினைகள் மற்றச் சிறு சொற்களோடு சேர்ந்து எத்தனை பொருள் தருகின்றன என்பதைக் கற்றாலே அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி திறந்துவிடும்.

முடிவில் ஒரு சான்றிதழ் வந்தது. அதில் 'சி1 நிலை' என்று பொன்னிற எழுத்து. மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கும் அந்த அளவுகோலை ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்டது. அது யாரும் தம் சான்றிதழில் அச்சிட்டுக்கொள்ளக்கூடிய பெயர்; அச்சிட்டதால் மன்றம் அங்கீகரித்ததாக ஆகாது. தொடக்கத்திலிருந்து, சி1க்கு ஒரு படி கீழே உள்ள பி2 நிலையை எட்டவே 500 முதல் 600 மணிநேர வழிகாட்டுதலுடன் கூடிய கற்றல் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. முப்பது நாள் விளம்பரத்தை அந்தக் கணக்கின் அருகில் வைத்துப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, எல்லாக் காணொளிகளையும் முழுதாகப் பார்த்து, எல்லாப் பயிற்சிகளையும் முடித்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் விண்ணப்பித்தவருக்கே பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதம் செல்லும் என்றார்கள். பாடங்களை முடிப்பதற்குள் அந்த நாட்கள் கடந்துவிடும் வகையில்தான் அட்டவணையே இருந்தது.

சேரும் எண்ணம் இருந்தால் முதலில் மாதிரி வகுப்பு எடுத்தவரே தொடர்ந்து கற்பிப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பேசுவார்கள், பேசியதை யார் திருத்துவார்கள் என்று கேளுங்கள். பாடநூலின் ஒரு பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள்; ஒலிப்பதிவு இல்லாமல் தமிழ் எழுத்தில் மட்டும் உச்சரிப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவற்றின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே ஒலியோடு கிடைக்கின்றன. சொல்லைக் கேட்டு, நாம் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுப் பார்ப்பது அந்தக் கையேட்டைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள், விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), ஆலோசகர் அனுப்பிய செய்திகள், ரசீது எல்லாவற்றையும் உடனே சேமித்துக்கொள்ளுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்கிவிட்டால் பழைய செய்திகளைத் தேடி எடுப்பது கடினமாகலாம். தொலைபேசியில் வாதாடாமல் வகுப்பு நடத்தும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். தவணை ஓடிக்கொண்டிருந்தால், கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்கும் தனியாக மின்னஞ்சலில் புகார் எழுதுங்கள். வகுப்பை நிறுத்திவிட்டதால் கடன் தானாக நின்றுவிடாது, கட்டாமல் விட்டால் அது உங்கள் கடன் வரலாற்றில் ஏறும். நுகர்வோர் புகார் அமைப்புக்குப் போகும்போது இந்த இரண்டு மின்னஞ்சல்களையும் இணைத்துவிடுங்கள்.