சிலிண்டரா, இண்டக்‌ஷனா, சாண எரிவாயுவா: விறகை எது வெல்லும்?

எங்கள் ராமநாதபுரம் பக்கம் எந்தப் புது அடுப்பு வந்தாலும் அது மோத வேண்டியது காட்டுக்கருவை, அதாவது சீமைக்கருவேல விறகோடுதான். வெட்ட வெட்ட முளைக்கும், காசும் கிடையாது. அதனால் எது சுத்தம் என்று நான் கேட்கப்போவதில்லை; மூன்றுமே விறகைவிடச் சுத்தம்தான். எது எந்த நாளில் காலை வாரும் என்பதுதான் என் கேள்வி.

சிலிண்டர் காலை வாருவது மாசக் கடைசியில். ஏழை வீட்டுப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தர 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் நாடு முழுக்க 10 கோடிக்கும் மேல் இணைப்பு கொடுத்துவிட்டார்கள், பெரிய வேலைதான். ஆனால் அந்த வீடுகள் வருஷத்துக்கு வாங்குவது சராசரியாக நாலு சிலிண்டர் சொச்சம். நாலு பேர் உள்ள வீட்டில் எல்லாச் சமையலும் கேஸில்தான் என்றால் ஏழெட்டாவது வேண்டும். மீதிச் சமையல் எதில் நடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. மானியம் பிறகு வங்கிக் கணக்குக்கு வந்துவிடும், சரி. சிலிண்டர் இறக்கும்போது முழுப் பணமும் கையில் இருக்க வேண்டுமே.

எங்கள் அம்மா சிலிண்டரை லேசாகத் தூக்கி ஆட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு குழம்புக்குத் தாங்கும்" என்பார். தாங்கவும் செய்யும். ஏனென்றால் குளிக்க வெந்நீர், நெல் அவிக்கிறது, மாட்டுக்குக் கஞ்சி எதையும் அவர் கேஸில் வைத்ததே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் சுத்தமான எரிபொருளில் சமைக்கும் வீடுகள் 58.6 சதவீதம் என்று வந்தது. வீட்டின் முக்கிய எரிபொருள் எது என்றுதான் அதில் கேட்பார்கள். கொல்லையில் இருக்கும் இரண்டாவது அடுப்பு அந்தக் கணக்கில் வராது.

இண்டக்‌ஷனை நான் முதலில் மதிக்கவில்லை. கணக்குப் போட்டதும் மனம் மாறியது. 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாத்திரத்தைச் சுற்றியே வீணாகிறது. இண்டக்‌ஷனில் வீண் குறைவு என்பதால் 130, 140 யூனிட்டில் அதே சமையல் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விளக்கும் ஃபேனும் மட்டுமே ஓடுகிற சின்ன வீட்டில் அதில் கொஞ்சம் மிஞ்சும். ஏசி ஓடுகிற வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இது காலை வாருவது சாயங்காலம். ஊரே டிவி போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் சோறு பாதியில் நிற்கும். பழைய தொகுப்பு வீட்டின் வயரிங் 2000 வாட்டைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அலுமினியப் பானை, மண்சட்டி, குழிவான இரும்புச் சட்டி எதுவும் இதில் ஆகாது. அடுப்பின் விலையோடு பாத்திர விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாண எரிவாயு காகிதத்தில் இரண்டையும் தோற்கடிக்கும். 2 கனமீட்டர் கலன் ஒழுங்காக ஓடினால் மாதம் 25 கிலோ எல்பிஜிக்குச் சமமான வாயு வரும். கழிவு வயலுக்கு உரம். ஆனால் அதற்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும், அதாவது கட்டுத்தறியில் நாலைந்து மாடு. அதே அளவு தண்ணீரும் வேண்டும். குடிக்கவே குடத்தோடு நடக்கிற ஊரில் அதற்கு எங்கே போவது? தினமும் காலையில் கரைத்து ஊற்றுகிற கையும் பெரும்பாலும் பெண்ணின் கைதான். மாட்டை விற்ற மறுமாதமே கலன் வெறும் குழி. சொந்த போர்வெல், நிறைய மாடு, வயல் மூன்றும் இருந்தால் யோசிக்காமல் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

புகைபோக்கி வைத்த விறகடுப்பை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. அது சமையல்கட்டுப் புகையைத் தெருவுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான்.

நான் சொல்வது சிலிண்டரும் ஒற்றை இண்டக்‌ஷனும் சேர்ந்த ஜோடி. பாலும் சோறும் காலையிலேயே மின்சாரத்தில், குழம்பும் தோசையும் கேஸில். சிலிண்டர் இன்னும் பத்து நாள் கூடுதலாக வரும். கேஸ் தீர்ந்த அன்றைக்கு அம்மா சுள்ளி பொறுக்கப் போக வேண்டியதில்லை. வெந்நீர் அடுப்பை மட்டும் இன்னும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.