வெடித்த வேக்குவம் கிளீனர் குழாய்: வெட்டிப் பொருத்துவதா, புதிது வாங்குவதா?

குழாய் பெரும்பாலும் கைப்பிடியை ஒட்டிய வளைவில்தான் வெடிக்கிறது.

செலவு: வெட்டிப் பொருத்தக் கத்தி ஒன்றே போதும். புதியதற்குப் பணம் தேவை, 32 மி.மீ., 35 மி.மீ. என உள்விட்டம் மாறுவதால் அளக்காமல் வாங்கக் கூடாது.

எளிமை: புதியதை இயந்திரத்தின் வாயில் செருகி, 'கிளிக்' என்ற ஒலி கேட்டால் வேலை முடிந்தது. பழையதிலோ, வெடிப்புக்குச் சற்று அப்பால் சுருள் வரியை ஒட்டி நேராக வெட்டி, வெட்டிய துண்டிலிருந்து பிளாஸ்டிக் முனையைக் கழற்றி, மீதிக் குழாயில் திருகி ஏற்ற வேண்டும். முனை ஒட்டப்பட்டிருந்தால் அது கழலாது. கைப்பிடியில் சுவிட்ச் உள்ள குழாய்க்குள் மின்கம்பி ஓடக்கூடும் என்பதால், அதை வெட்டவே கூடாது.

ஆயுள்: விறைத்துப்போன பழைய குழாய் வேறிடத்தில் மீண்டும் வெடிக்கும்.

மற்ற பகுதி நெகிழ்வாக இருந்தால் வெட்டிப் பொருத்தலாம். நடுவில் கிழிந்தாலோ, நீளம் குறைவது இடைஞ்சலானாலோ புதியதே ஏற்றது.